நாய்வேளையா, நல்வேளையா? காலிமனைச் செடி ஒன்றை இனம் கண்டு வகைப்படுத்த முழுமையான வழிகாட்டி

அண்ணன் மகள் தாவரவியல் முதலாண்டு படிக்கிறாள். போன கார்த்திகையில் ஒருநாள் மடிப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "சித்தப்பா, இந்த ராக்கிரெஸ் செடியைச் சென்னையில எங்க பார்க்கலாம்?" என்று கேட்டாள். வகுப்பில் ராக்கிரெஸ் கூட்டத்தில் ஒன்றான அராபிடாப்சிஸ் பற்றி நடத்தியிருக்கிறார்கள். பாறை இடுக்கிலும் வறண்ட மண்ணிலும் முளைக்கிற, கடுகுக் குடும்பத்துச் சின்னஞ்சிறு காட்டுச் செடி அது. 2000-ஆம் ஆண்டில், செடிகளிலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட பெருமை அதற்கு உண்டு. ஆனால் குளிர் ஊர்ச் செடி. நம் நாட்டில் இமயமலைப் பக்கம் போனால் பார்க்கலாம். சென்னையில் என்றால் ஏதாவது ஆய்வுக்கூடத்தின் ஏசி அறைக்குள் தொட்டியில் இருந்தால்தான் உண்டு.

"அதைப் பார்க்க முடியாதும்மா. ஆனா அதோட ஒன்றுவிட்ட தங்கச்சி உங்க கேட்டுக்கு வெளியிலேயே நிக்குது, வா காட்டறேன்" என்று அவளை எதிர்த்த காலிமனைக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் உயரத்துக்கு வேளைச் செடிகள் மண்டிக் கிடந்தன. மஞ்சள் பூவில் ஒன்று, வெள்ளைப் பூவில் ஒன்று, சுவரோரம் வெளிர் ஊதாவில் இன்னொன்று. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். காட்டுச் செடி ஒன்றை இனம் காண்பதற்கு ராக்கிரெஸ்ஸில் என்னென்ன வேலை செய்ய வேண்டுமோ, அத்தனையும் வேளையிலும் செய்ய வேண்டியிருக்கும். உறவுக்காரச் செடி என்பதால் பாடமும் ஒன்றுதான். இதற்கு இமயமலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கே, எப்போது

வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாகப் பெய்த பிறகு கிளம்புங்கள். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை முடியும் வரை நல்ல காலம். வேளைக்குக் கலைந்த மண் பிடிக்கும். வீடு கட்ட மணல் கொட்டிய இடம், பறக்கும் ரயில் தூண்களின் அடி, தண்டவாள ஓரம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, தோண்டி மூடிய சாலையோரப் பள்ளம் என்று மனிதன் கை வைத்துவிட்டு மறந்த இடங்களில் எல்லாம் அது இருக்கும். கிண்டி தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. காலிமனையாக இருந்தாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது நல்லது. நான் குனிந்து தேடுவதைப் பார்த்து, "என்ன சார், சங்கிலி தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டவர்கள் பலர்.

காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் இதழ்கள் சோர்ந்து சுருண்டுவிடும், எண்ண வேண்டியதை எண்ண முடியாது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ் (நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அது), குண்டூசி, சின்ன ஸ்கேல், வெள்ளைத்தாள், பென்சில், நோட்டு, பழைய செய்தித்தாள். பேனா வேண்டாம், தூறல் பட்டால் எழுத்து கரைந்துவிடும். போன் இருக்கும்தான். ஆனால் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே ஒரு பெயர் காதில் விழுந்துவிட்டால், அப்புறம் அந்தப் பெயருக்கு ஏற்றதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஆரம்பத்தில் நானும் நான்கு மஞ்சள் இதழ்களைப் பார்த்ததும் "காட்டுக் கடுகு" என்று நோட்டில் எழுதி, இரண்டு மழைக்காலம் அதே பெயரில் குறிப்புச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மகரந்தத் தாள் எத்தனைன்னு எண்ணினீங்களா?" பூவின் நடுவில் மகரந்தம் சுமந்து நிற்கும் இழைகளைத்தான் கேட்டார். எண்ணவில்லை. இரண்டு வருடக் குறிப்பும் போச்சு.

முதல் படி: பறிக்கும் முன் எழுதுங்கள்

பறித்த பிறகு தெரியாமல் போகிற விஷயங்களை முதலில் எழுத வேண்டும். இடம், தேதி, மண் மணலா களிமண்ணா, வெயிலா நிழலா, செடியின் உயரம், நிமிர்ந்து நிற்கிறதா தரையோடு படர்கிறதா, பூவின் நிறம். நிறத்தைக் கட்டாயம் எழுதுங்கள். உலர்ந்தபின் மஞ்சளும் வெள்ளையும் ஒரே பழுப்பாகிவிடும். ஒரே செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அக்கம்பக்கத்தில் ஐந்தாறு செடிகளைப் பாருங்கள். நோஞ்சானாக வளர்ந்த ஒன்று உங்களை ஏமாற்றலாம். ஐந்தும் சேர்ந்து ஏமாற்றுவது அரிது.

இரண்டாம் படி: தொடுங்கள், முகருங்கள்

லென்ஸுக்கு முன்னால் விரலும் மூக்கும். மஞ்சள் பூச் செடியின் தண்டை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்தால் பசை ஒட்டும். பொடி மணலும் சின்னச் சின்னப் பூச்சிகளும் அதன் தண்டில் ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாடை. நாய்வேளை என்று பெயர் வைத்தவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. லென்ஸை வைத்துப் பாருங்கள்: தண்டெல்லாம் முடி போல நிற்கும் ஒவ்வொரு தூவியின் நுனியிலும் குண்டூசித் தலை போல ஒரு சின்ன உருண்டை மினுங்கும். அவைதான் சுரப்பித் தூவிகள், பசை அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே ஒரு நிமிடம் ராக்கிரெஸ் பக்கம் போய் வருவோம். அந்தக் கூட்டத்தில் இனம் பிரிப்பதற்குத் தூவிதான் முதல் சாட்சி. தூவி ஒற்றையாக நிற்கிறதா, கவட்டை போலப் பிரிகிறதா, நட்சத்திரம் போலப் பல கிளையாக விரிகிறதா, தண்டின் அடியில் ஒரு விதம், மேலே ஒரு விதமா என்றெல்லாம் லென்ஸில் பார்த்து எழுதாமல் அங்கே ஓர் அடி நகர முடியாது. வேளையில் கிளைத்த தூவி கிடையாது. ஆனால் நுனியில் உருண்டை இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வி உண்டு.

மூன்றாம் படி: இலை

கடுகுக் குடும்பத்துக்கும் வேளைக்கும் தூரத்திலிருந்தே தெரியும் வித்தியாசம் இதுதான். கடுகு இலை தனியிலை, ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும் ஒரே இலை. பெரும்பாலான வேளைகளில் ஒரு காம்பின் நுனியிலிருந்து சிற்றிலைகள் விரித்த கை போலப் புறப்படும். எண்ணுங்கள். நாய்வேளையில் கீழ் இலைகளில் 5, பூக்கள் தொடங்கும் மேல் பகுதியில் 3. வெள்ளைப் பூச் செடியான நல்வேளையில் பெரும்பாலும் 5. சுவரோர ஊதாப் பூச் செடியில் 3 மட்டும். மேலே ஒரே ஓர் இலையைக் கிள்ளி எடுத்து எண்ணிவிட்டு முடிவு கட்டினால் நாய்வேளைக்கும் ஊதாவுக்கும் குழம்பிவிடுவீர்கள். செடியின் அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் எண்ணுவதுதான் முறை.

நான்காம் படி: பூவைப் பிரித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. மற்றதையெல்லாம் நின்றபடி செய்யலாம், இதற்கு உட்கார வேண்டும்.

வெள்ளைப் பூவிலிருந்து தொடங்குவோம், அதுதான் அழகு. நன்றாக மலர்ந்த நல்வேளைப் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி வெள்ளைத்தாளில் வையுங்கள். கீழே நான்கு சின்னப் பச்சைப் புல்லிகள். அதற்கு மேல் நான்கு வெள்ளை இதழ்கள். ஒவ்வொரு இதழும் அடியில் ஒடுங்கி நுனியில் அகன்று, நெய்க் கரண்டி போல இருக்கும். சாதாரணப் பூவில் இதழுக்கு உள்பக்கம், அடியிலேயே மகரந்தத் தாள்கள் நிற்கும். இங்கே இருக்காது. இதழ்களின் நடுவிலிருந்து ஒல்லியான காம்பு ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாகத் தனியே எழும்பிப் போகும். அதன் உச்சியில்தான் ஆறு தாள்களும் நாலாபக்கமும் சிலந்திக் கால்கள் போல விரிந்திருக்கும். அதோடு முடியவில்லை. தாள்கள் பிரியும் இடத்துக்கு மேலே, இன்னொரு குட்டிக் காம்பின் மேல் பச்சை நிறச் சூலகம் குச்சியாக நிற்கும். ஆணும் பெண்ணும் ஒரே தூணில் ஏறி நிற்கிற இந்த அமைப்பைத் தாவரவியலில் ஆண்பெண் தாங்கி என்பார்கள். செடியின் லத்தீன் பெயரான கைனாண்ட்ராவும் அதையே சொல்கிறது.

அண்ணன் மகள் குண்டூசியால் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிவிட்டு, "ஏணி மேல ஏணி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் சொல்லியிருந்தால் ஒரு பத்தி ஆகியிருக்கும்.

இப்போது மஞ்சள் பூ. இதழ் இங்கேயும் நான்குதான். தாள்களை எண்ணத் தொடங்கினால் 10 தாண்டும், 20 வரைகூடப் போகும். பூவுக்குப் பூ மாறும், அதனால் ஐந்து பூக்களிலாவது எண்ணி ஐந்து எண்ணையும் எழுதுங்கள். சராசரி போட வேண்டாம், எண்ணியது எண்ணியபடி இருக்கட்டும். தாங்கிக் காம்பு எதுவும் இல்லை. தாள்களும் சூலகமும் பூவின் அடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

மஞ்சள் பூவில் ஆறே ஆறு தாள்தான் இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். அது நாய்வேளை இல்லை. இரண்டு சாத்தியம் உண்டு. வேளைக் குடும்பத்திலேயே ஆறு தாள் கொண்ட வேறு சிற்றினங்கள் இருக்கின்றன. அல்லது மளிகைக்கடை வாசலில் சிந்திய கடுகே முளைத்துப் பூத்திருக்கலாம். கடுகானால் ஆறு தாளில் நான்கு நீளம், இரண்டு குட்டை. அராபிடாப்சிஸிலும் இதே கணக்குதான், அந்தக் குடும்பத்தின் முத்திரை அது. இதைப் பார்க்க ஆசை இருந்தால் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை கடுகை மார்கழியில் தொட்டியில் தூவிவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூவை எண்ணிப் பார்த்துவிடலாம்.

சுவரோர ஊதா: நான்கு இதழ்களும் மேல்பக்கமாகத் தூக்கி, விசிறி மாதிரி ஒரு பக்கமே நிற்கும். தாள் ஆறு, அவை அடியிலிருந்தே புறப்படும். சூலகத்துக்கு மட்டும் சின்னக் காம்பு உண்டு. இது ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து இங்கே குடியேறிய செடி. நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் இல்லாததில் வியப்பில்லை. நடைபாதைக் கல் இடுக்கு கிடைத்தாலும் போதும் என்று முளைத்துவிடும்.

ஐந்தாம் படி: காய்

பூ இல்லாத நாளில் போனாலும் காயை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. காயின் கீழே உள்ள காம்பை லென்ஸில் வைத்துப் பூக்காம்பு வரை தடவிக்கொண்டே போங்கள். இதழும் தாளும் உதிர்ந்த இடங்கள் கணு போலத் தழும்பாகத் தெரியும். இரண்டு தழும்பு, நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி என்றால் நல்வேளை: கீழ்த்தழும்பு இதழ் விழுந்தது, மேல்தழும்பு தாள்கள் விழுந்தது. ஒரே தழும்பு, அதற்கு மேல் சின்னக் காம்பு, பிறகு காய் என்றால் ஊதாப் பூச் செடி. தழும்பிலிருந்தே நேராகக் காய் தொடங்கிவிட்டால் நாய்வேளை. நாய்வேளைக் காய் நிமிர்ந்து நிற்கும், நெடுக வரி ஓடும், காயிலும் பசை உண்டு.

முற்றிய காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். நாய்வேளைக் காய் நுனியிலிருந்து கீழ்நோக்கி வாய் திறக்கும். உள்ளே விதைகள் இருக்கும், ஆனால் நடுவே சுவர் கிடையாது. கடுகுக் காயைப் பிளந்தால் இரண்டு அறைகளுக்கும் நடுவே பட்டுத்தாள் போல மெல்லிய ஒரு தடுப்பு இருக்கும். அதற்குப் போலி இடைச்சுவர் என்று பெயர். காலிமனைச் செடி கடுகுக் குடும்பமா, வேளைக் குடும்பமா என்ற வழக்கில் இந்தத் தாளளவு தடுப்புதான் தீர்ப்பு எழுதுகிறது.

ராக்கிரெஸ்ஸில் காய் இன்னும் அதிகம் பேசும். காய் தண்டோடு ஒட்டி நிமிர்கிறதா, பக்கவாட்டில் நீட்டுகிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா, உள்ளே விதை ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்று பார்த்துப் பார்த்துத்தான் வட அமெரிக்க ராக்கிரெஸ்களான போய்செராக்களைப் பிரிக்கிறார்கள். அதனால் அங்கே பழுத்த காய் இல்லாத செடியைப் பறித்து வந்தால் பாதி வேலை கெட்டது.

ஆறாம் படி: விதை

விதை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வெள்ளைத்தாளில் கொட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து லென்ஸில் பாருங்கள். நாய்வேளை விதையில் குறுக்கே நுணுக்கமான மடிப்புகள் ஓடும். நாய்க்கடுகு என்ற பெயரும் அதற்கு உண்டு, கடுகுக்குப் பதில் தாளிக்கவும் சிலர் பயன்படுத்துவார்கள். ஊதாப் பூச் செடியின் விதையில் ஒரு பக்கம் வெள்ளையாக ஒரு சதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்புக்கு அது தீனி. இழுத்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். சுவர் இடுக்கிலும் படிக்கட்டு விரிசலிலும் வரிசையாக முளைத்திருப்பதன் ரகசியம் இதில் இருக்கிறது.

இனி விடைக்கு வரலாம்

எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு இந்த இணைக் கேள்விகளில் இறங்குங்கள். தாவரவியல் நூல்களில் இதைத்தான் திறவுகோல் என்கிறார்கள். சென்னையில் அடிக்கடி கண்ணில் படும் செடிகளுக்கு இது போதும்.

1. மகரந்தத் தாள் பத்துக்குக் குறையாமல் இருக்கிறது: 2-க்குப் போங்கள். தாள் 6: 3-க்குப் போங்கள்.

2. பூ மஞ்சள், செடியெங்கும் பசை, சிற்றிலை 3 முதல் 5: நாய்வேளை, அதாவது கிளியோம் விஸ்கோசா. பூ ரோஜா நிறம், சிற்றிலை அதைவிட அதிகம்: கிளியோம் கெலிடோனியாக இருக்கலாம், நூலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. தாள்கள் உயரமான தாங்கிக் காம்பின் உச்சியில், பூ வெள்ளை, சிற்றிலை பெரும்பாலும் 5: நல்வேளை, கைனாண்ட்ராப்சிஸ் கைனாண்ட்ரா. தாள்கள் அடியிலிருந்தே: 4-க்குப் போங்கள்.

4. பூ வெளிர் ஊதா, சிற்றிலை 3, விதையில் வெள்ளைத் துணுக்கு: கிளியோம் ருடிடோஸ்பெர்மா. பூ மஞ்சள்: மேலே சொன்னபடி நிறுத்திவிட்டு, காயில் இடைச்சுவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய நூலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் எழுதி 1915-இலிருந்து பகுதி பகுதியாக வந்த நூல்தான் இன்றும் கல்லூரிகளில் புரட்டப்படுகிறது. அதில் வேளையைத் தேடினால் வேளைக் குடும்பம் என்ற தலைப்பே கிடைக்காது. அன்றைய பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டு முறைப்படி, மாவிலங்கமும் ஆதண்டையும் இருக்கிற கப்பாரிடேசிக் குடும்பத்துக்குள் தேட வேண்டும்.

குடும்பம் மாறிய கதை

ஏன் இந்தக் குழப்பம்? பழைய ஆட்கள் பூவையும் காயையும் கண்ணால் பார்த்து வகைப்படுத்தினார்கள். தாங்கிக் காம்பு, இடைச்சுவர் இல்லாத காய் இவற்றைப் பார்த்து வேளையை ஆதண்டையோடு சேர்த்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு, 2002-இல் வெளியான ஆய்வு நிலைமையைத் திருப்பிப் போட்டது: வேளைக்கு ஆதண்டையைவிடக் கடுகுதான் நெருங்கிய சொந்தம். ஏ.பி.ஜி. என்ற தாவரவியலாளர் குழு 1998-இலும் 2003-இலும் வெளியிட்ட வகைப்பாடுகள் கடுகு, வேளை, ஆதண்டை மூன்றையும் ஒரே பெரிய குடும்பமாகக் கட்டிவைத்தன. 2009-இல் வந்த அடுத்த பதிப்பு மூன்றையும் தனித்தனிக் குடும்பமாக ஏற்றது. இன்று வேளைக்குக் கிளியோமேசி என்ற சொந்தக் குடும்பம், அதற்குப் பக்கத்து வீடு கடுகின் பிராசிகேசி. மூன்றுக்கும் மேலே இருக்கிற துறை பிராசிகேல்ஸ். முருங்கையும் பப்பாளியும்கூட அந்தத் துறைதான். நம்பிக்கை வரவில்லை என்றால் பப்பாளி விதை ஒன்றைக் கடித்துப் பாருங்கள், கடுகுக் காரம் நாக்கில் ஏறும்.

இந்த உறவால் நல்வேளைக்கு ஒரு தனி மவுசு. சோளமும் கரும்பும் ஒளிச்சேர்க்கை செய்கிற, கடும் வெயிலுக்கு ஏற்ற சி4 முறையில்தான் அதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. அராபிடாப்சிஸில் அந்த முறை இல்லை. உறவுக்காரச் செடிகள் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த மரபணுக்கள் மாறினால் சி4 வரும் என்று தேடுகிறார்கள். நெல்லுக்கு அதைக் கொண்டுவர முடியுமா என்பதுதான் குறி. நம் காலிமனைக் கீரை உலக ஆய்வுக்கூடங்களில் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் விஷயம்

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நாய்வேளை, நல்வேளை இரண்டையும் கிளியோம் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். விஸ்கோசா என்றால் பசையுள்ளது. பிறகு பேரினம் உடைந்தது. நாய்வேளையைச் சிலர் இன்று அரிவேலா விஸ்கோசா என்று எழுதுகிறார்கள், 1838-இல் ரஃபினெஸ்க் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர். இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் தொகுதிகளில் இந்தச் செடி "அரிய-வீலா" என்ற மலையாளப் பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் லத்தீன் ஆக்கியிருக்கிறார்கள். அரிவேலாவில் இருக்கிற வேலா நம் வேளைதான்.

ஊதாப் பூச் செடியை 2021-இல் சியருவெலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே செடிக்கு இரண்டு லத்தீன் பெயர் கண்ணில் பட்டால் பதற வேண்டாம். ராக்கிரெஸ்ஸிலும் இதே கூத்துதான். இன்றைய அராபிடாப்சிஸ் தாலியானாவுக்கு லின்னேயஸ் வைத்த பெயர் அராபிஸ் தாலியானா. அமெரிக்க அராபிஸ்கள் பல இப்போது போய்செரா ஆகிவிட்டன. நோட்டில் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் பழைய பெயரையும் குறித்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் வேறு விதச் சிக்கல். நல்வேளை, தைவேளை, வேளைக்கீரை என்று ஊருக்கு ஊர் மாறும், ஒரே பெயர் இரண்டு செடிக்கும் போகும். புறநானூற்றில் ஆய்மகள் வெண்தயிரில் இட்டுச் சமைக்கும் வேளைக்கு மட்டும் குழப்பமில்லை. "வேளை வெண்பூ" என்று நிறத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார் புலவர். கசப்பான கீரையைத் தயிரில் இடுவது வாய்க்கும் சரியாக இருக்கிறது. கென்யாவிலும் இதே கீரையைப் பால் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள். ஆனால் இந்த வழிகாட்டியை மட்டும் நம்பி யாரும் எதையும் சமைக்கப் போக வேண்டாம். சாலையோர மண்ணில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும்.

கடைசிப் படி: வகை

சிற்றினம் வரை வந்தாயிற்று. அதற்குக் கீழே துணைச்சிற்றினம், வகை, வடிவம் என்று படிகள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். கொஞ்சம் சிவப்புத் தண்டு, கொஞ்சம் சின்ன இலை கண்டதும் "புது வகை" என்று துள்ளுவார்கள். நானும் துள்ளியிருக்கிறேன்.

நாய்வேளையில் உண்மையாகவே அங்கீகரிக்கப்பட்ட ஒரு வகை டெக்லாப்ராட்டா. தூவியும் பசையும் ஏறக்குறைய இல்லாத செடிகளுக்கு அந்தப் பெயர். பசை நிறைந்த வழக்கமான செடியை வகை விஸ்கோசா என்று எழுதுவார்கள். அப்படியென்றால் பசை இல்லாத நாய்வேளை ஒன்றைக் கண்டால் என்ன செய்வது? முதலில் மழையைச் சந்தேகப்படுங்கள், இரவெல்லாம் கொட்டிய மழை பசையைக் கழுவியிருக்கும். ஆகவே விரலை நம்பாமல் லென்ஸில் தூவியின் நுனியைப் பாருங்கள். அடுத்து, நிழலில் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து, முதிர்ந்த தண்டை விட்டு இளம் தண்டையும் காயையும் சோதியுங்கள். கூட்டத்தில் எத்தனை செடி இப்படி, எத்தனை அப்படி என்று எண்ணுங்கள். கடைசியாக, அதன் விதையை எடுத்து உங்கள் மாடித் தொட்டியில், பசையுள்ள செடியின் விதையோடு ஒரே மண்ணில் ஒரே வெயிலில் வளருங்கள். பிள்ளைச் செடிகளும் தூவி இல்லாமல் வந்தால் அது பரம்பரைக் குணம், பேசலாம். தூவியோடு வந்துவிட்டால் அது இடத்தின் குணம்.

போய்செராவில் இந்தச் சோதனைகூட ஏமாற்றும். அதில் பல செடிகள் கலப்பில் பிறந்து, பிறகு கருவுறாமலேயே விதை வைக்கப் பழகியவை. கலப்புச் செடி தன்னை அப்படியே அச்சடித்துக்கொண்டு போவதால் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், தனி இனம் என்றே தோன்றும். அங்கே மரபணுவைப் பார்க்காமல் தீராது. வேளை அந்த அளவுக்கு நம்மைப் படுத்தவில்லை.

பாடம் செய்தல்

வேர், கீழ் இலை, பூ, காய் எல்லாம் உள்ள ஒரு முழுச் செடியை எடுத்துச் செய்தித்தாள் நடுவில் விரித்து வையுங்கள். உயரமாக இருந்தால் ஆங்கில எழுத்து "N" போல மடியுங்கள். ஓர் இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். நாய்வேளையின் பசை தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேலும் கீழும் வெண்ணெய்த்தாள் கொடுங்கள். மேலே கனமான புத்தகங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். டிசம்பர் சென்னையில் ஒருநாள் மறந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும், மின்விசிறிக்குக் கீழே வைப்பது உத்தமம். விதைகளைத் தனியே சின்னக் காகித உறையில் போட்டு அதே அட்டையில் ஒட்டிவிடலாம்.

அட்டையின் வலது கீழ்மூலையில் விவரச்சீட்டு. அதில் பார்த்ததும் ஊகித்ததும் கலக்கக் கூடாது. அண்ணன் மகள் அன்றைக்கு எழுதிய சீட்டை அப்படியே தருகிறேன்:

"நாய்வேளை. கிளியோம் விஸ்கோசா, வேறு பெயர் அரிவேலா விஸ்கோசா. குடும்பம் கிளியோமேசி. இடம்: மடிப்பாக்கம், காலிமனை, மணல் கொட்டிய மண், முழு வெயில். உயரம் 55 செ.மீ. பூ மஞ்சள். தாள், ஐந்து பூக்களில்: 14, 12, 16, 14, 13. தாங்கிக் காம்பு இல்லை. இளம் தண்டில் சுரப்பித் தூவி உண்டு. காயில் இடைச்சுவர் இல்லை. பக்கத்தில் நல்வேளை 9 செடி. வகை:"

வகை என்று எழுதிய இடத்தில் முதலில் விஸ்கோசா என்று போட்டாள். பிறகு, "ஒரு செடியிலதானே தூவி பார்த்தோம்?" என்று அதை அழித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மறுபடி மனைக்குள் இறங்கினாள்.